வசந்தத்தின் பதினேழு கணங்கள்: திகோனவை எந்த வடிவத்தில் பார்ப்பது?

வியாச்செஸ்லாவ் திகோனவ் என்ற ரஷ்ய நடிகரை இதுவரை பார்த்திராத ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், 1973இல் சோவியத் மத்தியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘வசந்தத்தின் பதினேழு கணங்கள்’ என்ற பன்னிரண்டு பகுதித் தொடரையே சொல்வேன். ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்ள முடியாது. அந்தத் தொடர் இன்று இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று, இயக்குநர் தத்யானா லியோஸ்னவா எடுத்த கறுப்பு வெள்ளை மூலம். மற்றொன்று, 2009 மே மாதத்தில் ரஷ்யத் தொலைக்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட, கணினி வழியாக வண்ணம் ஏற்றப்பட்ட வடிவம். இரண்டையும் முழுமையாக, சில காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி நிறுத்திப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வாங்குவதானாலும் இணையத்தில் பார்ப்பதானாலும் கறுப்பு வெள்ளை மூலத்தையே தேர்ந்தெடுங்கள். இந்தத் தேர்வு வெறும் ரசனை சார்ந்ததன்று. இதற்கான காரணம் திகோனவின் நடிப்பிலேயே, அவர் அந்த நடிப்பை வந்தடைந்த வழியிலேயே இருக்கிறது.

முதலில் தொடரைப் பற்றி. யூலியன் செம்யோனவின் நாவலை அடிப்படையாகக் கொண்ட கதை இது. 1945 பிப்ரவரி, மார்ச் மாதங்களில், வீழ்ந்துகொண்டிருக்கும் பெர்லினில் நடக்கிறது. மக்ஸிம் இசாயெவ் என்ற சோவியத் உளவாளி, ஷ்டிர்லிட்ஸ் என்ற பெயரில், நாஜிகளின் எஸ்.எஸ். படையின் உயர் அதிகாரியாகப் பல ஆண்டுகளாக ஜெர்மானிய உளவுத்துறைக்குள் வாழ்ந்துவருகிறார். நாஜித் தலைமையில் யாரோ ஒருவர் மேற்கத்திய நாடுகளுடன் இரகசியமாகச் சமாதானம் பேச முயல்கிறார் என்றும், அவர் யார் என்பதைக் கண்டறிய வேண்டும் என்றும் மாஸ்கோவிலிருந்து கட்டளை வருகிறது. எஸ்.எஸ். தளபதி கார்ல் வோல்ஃபும் அமெரிக்க உளவு அதிகாரி ஆலன் டல்லஸும் ஸ்விட்சர்லாந்தில் நடத்திய பேச்சுவார்த்தை வரலாற்றில் உண்மையாகவே நடந்தது. அந்த உண்மையின் மீதுதான் கற்பனை உளவாளி ஒருவரை நாவலாசிரியர் உட்காரவைத்திருக்கிறார். உளவுக் கதை என்றவுடன் துப்பாக்கியும் துரத்தலும் எதிர்பார்ப்பவர்களுக்கு இங்கே கிடைப்பது மிகக் குறைவு. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் பன்னிரண்டு பகுதிகளில் பெரும்பான்மையான நேரம் ஒரு மனிதர் நடக்கிறார், கார் ஓட்டுகிறார், கணப்படுப்பின் முன் அமர்கிறார், யோசிக்கிறார்.

யோசிக்கும் முகத்தைப் பார்வையாளர் பார்த்துக்கொண்டே இருக்கும்படி செய்வது எளிய காரியமன்று. திகோனவுக்கு அது பிறவியிலேயே வாய்த்தது என்றும் சொல்ல முடியாது. அவர் 1928 பிப்ரவரி 8 அன்று மாஸ்கோவுக்கு அருகிலுள்ள பாவ்லோவ்ஸ்கி பொஸாத் என்ற சிறு நகரில் பிறந்தவர். போர்க்காலத்தில், பதின்ம வயதிலேயே, ஆயுதத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தவர். தம் பெயரின் செல்லச் சுருக்கமான ‘ஸ்லாவா’ என்பதை அந்த இளமைக் காலத்தில் கையில் பச்சை குத்திக்கொண்டார். பிற்காலத்தில் சீமான் வேடமோ ஜெர்மானிய அதிகாரி வேடமோ ஏற்கும்போதெல்லாம் அந்த எழுத்துகளை மறைப்பது ஒப்பனைக் கலைஞர்களின் வேலையாயிற்று. ஷ்டிர்லிட்ஸ் நாஜித் தலைவர்களின் கேலிச்சித்திரங்களைத் தாளில் வரையும் அண்மைக் காட்சியில் தெரியும் கைகள் திகோனவுடையவை அல்ல. படத்தின் கலைஞர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் ரஸ்தோத்ஸ்கியுடையவை. இதை அறிந்த பிறகு அந்தக் காட்சியைப் பார்க்கும்போது, திரையில் கூர்மையான அறிவாளியாகத் தெரியும் மனிதருக்குள் ஒரு தொழிலாளிச் சிறுவன் இருக்கிறான் என்ற நினைப்பு எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.

1945இல் அவர் மாஸ்கோவின் அரசுத் திரைப்படக் கல்லூரியில் சேர முயன்றார். முதல் தேர்வில் இடம் கிடைக்கவில்லை. ஆசிரியர் பரீஸ் பிபிகோவ் அவர்மீது இரக்கம் கொண்டு வகுப்பில் சேர்த்துக்கொண்டார். மாணவராக இருந்தபோதே, 1948இல், செர்கேய் கெராஸிமவின் ‘இளங்காவலர்’ படத்தில் சிறிய வேடத்தில் நடித்தார். உடன் நடித்த நோன்னா மர்த்யுகோவாவை மணந்தார். பின்னாளில் சோவியத் திரையின் மிகப் பெரிய நடிகைகளில் ஒருவரான அவருடனான மணவாழ்க்கை 1963இல் முடிந்தது. தொடக்க ஆண்டுகளில் திகோனவுக்கு எதிரியாக இருந்தது அவருடைய அழகிய முகம்தான். உழைப்பாளிகளின் கதைகளையே திரை வேண்டிய காலத்தில், அந்த முகம் வயலுக்கும் பணிமனைக்கும் ஒட்டாது என்று இயக்குநர்கள் கருதினார்கள். அந்தத் தடையை உடைத்தவர் இயக்குநர் ஸ்தனிஸ்லாவ் ரஸ்தோத்ஸ்கி. ‘பென்கோவோவில் நடந்தது’ என்ற படத்தில் அவர் திகோனவை ஒரு கிராமத்து டிராக்டர் ஓட்டுநராக்கினார். இவ்விருவரின் நட்பு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் படங்களாகவே தொடர்ந்தது.

அடுத்த பெரிய வேடம் செர்கேய் பந்தர்ச்சூக் இயக்கிய ‘போரும் அமைதியும்’ படத்தின் ஆந்திரேய் பல்கோன்ஸ்கி. இயக்குநர் முதலில் மனத்தில் வைத்திருந்தவர் இன்னொகெந்தி ஸ்மக்துனோவ்ஸ்கி. அவர் ஹாம்லெட்டாக நடிக்கச் சென்றுவிட்டார். கலாசார அமைச்சர் யெகதெரினா ஃபூர்த்சேவாவின் பரிந்துரையால்தான் திகோனவ் உள்ளே வந்தார். 1969இல் சிறந்த வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கரைப் பெற்ற படம் அது. ஆனால் பல்லாண்டு உழைத்த நடிகருக்கு அதிலிருந்து கிடைத்தது பெரும் மனச்சோர்வு. நடிப்பையே விட்டுவிடலாம் என்று அவர் எண்ணினார். என் கணிப்பில், அந்தப் படத்தில் அவர் இன்னும் முழுமை பெறவில்லை; இறுக்கம் இருக்கிறது, ஆனால் அந்த இறுக்கத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது எல்லா இடங்களிலும் வெளியே வரவில்லை. அவரை மீண்டும் அழைத்து வந்தவர் ரஸ்தோத்ஸ்கியே. 1968இல் வந்த ‘திங்கள் வரை வாழ்ந்திருப்போம்’ படத்தில் மெல்னிகவ் என்ற வரலாற்று ஆசிரியராக, களைத்துப்போன, ஆனால் மாணவர்களிடம் பொய் சொல்ல மறுக்கும் மனிதராக அவர் நடித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டே போய் ஒரு வகுப்பறையை முழுவதும் தம் பக்கம் திருப்பும் முறையை அவர் கற்றது அங்கேதான் என்று நினைக்கிறேன். ஷ்டிர்லிட்ஸுக்கான ஒத்திகை அந்த ஆசிரியர்.

இவ்வளவு முன்கதை எதற்கு என்றால், லியோஸ்னவாவின் கேமரா அந்த முகத்தை எந்த அளவு நம்பியது என்பதைச் சொல்வதற்காகத்தான். ‘யானை’ என்ற பெயருடைய மதுக்கூடத்தில் நடக்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாகப் பிரிந்திருக்கும் மனைவியைத் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு மட்டும் ஷ்டிர்லிட்ஸுக்கு ஏற்பாடு செய்யப்படுகிறது. அவர் ஒரு மேசையில், அவள் வேறொரு மேசையில். பேச முடியாது, அருகில் போக முடியாது, பார்வை நீண்டுவிடவும் கூடாது. ஐந்து நிமிடங்களுக்கும் மேலாக ஒரு சொல்கூட இல்லை. மிக்காயேல் தரிவெர்தியேவின் இசை மட்டும். மனைவியாக நடித்த எலியனோரா ஷாஷ்கவாவின் முகத்தில் தவிப்பு நன்றாகவே தெரிகிறது. திகோனவின் முகத்திலோ ஏறக்குறைய ஒன்றும் நிகழ்வதில்லை. கண் சற்றே தாழ்கிறது, மீண்டும் எழுகிறது. கறுப்பு வெள்ளையில் அந்த அறையின் பின்புறம் முழுவதும் நிழலாகக் கரைந்துவிடுவதால் நமக்குப் பார்க்க வேறெதுவும் இல்லை. கண்ணிமையின் அந்தச் சிறு அசைவே பெரிய நிகழ்ச்சியாகிவிடுகிறது.

வண்ண வடிவத்தில் இதே காட்சியைப் பார்த்தபோது என் கண்கள் சுவருக்கும் மேசைக்கும் உடைகளுக்கும் போய் வந்தன. வண்ணம் மோசமாக ஏற்றப்பட்டிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத் தொழில்நுட்பத்துக்கு அது மிகப் பெரிய உழைப்பு. துணிகளின் நிறங்களும் அறைகளின் மங்கிய பழுப்பும் பெரும்பாலும் உறுத்தாமல் அமைந்திருக்கின்றன. சிக்கல் தோலின் நிறத்தில்தான். முகத்தில் ஒளியும் நிழலும் மாறும்போது உண்மையான தோல் எத்தனையோ சாயல்களைக் காட்டும். ஏற்றப்பட்ட வண்ணம் அவற்றைச் சமன்படுத்தி ஒரே பூச்சாக்குகிறது. வேறு நடிகராக இருந்தால் இது பெரிய இழப்பாகியிருக்காது. கன்னத்தின் இறுக்கத்திலும் கண்ணுக்குக் கீழே விழும் நிழலிலும் நடிப்பை வைத்திருப்பவருக்கு இது ஏறத்தாழ வாயைக் கட்டுவதற்குச் சமம்.

இதைவிடவும் எனக்கு வருத்தம் தருவது, வண்ண வடிவத்தில் பகுதிகளின் நீளம் குறைக்கப்பட்டிருப்பது. இன்றைய ஒளிபரப்பு நேரத்துக்குப் பொருந்தும்படி வெட்டப்படும்போது கத்தி எங்கே விழும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே: உரையாடலைத் தொட்டால் கதை புரியாது, ஆகவே மௌனமே குறைகிறது. நடையும் காத்திருப்பும் குறைந்தால் தொடர் விறுவிறுப்பாகும் என்று எண்ணியிருக்கலாம். ஆனால் எனக்கு நேர்ந்தது வேறு. அடுத்த உரையாடலுக்குள் ஷ்டிர்லிட்ஸ் விரைவாக நுழைந்துவிடும்போது, அதற்கு முன் அவர் என்ன முடிவெடுத்தார் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளும் அவகாசம் போய்விடுகிறது. தொடர் வேகமாக ஓடினாலும் உள்ளே பதற்றம் குறைந்துவிடுகிறது.

தீக்குச்சிக் காட்சிதான் நான் இருமுறை, மும்முறை திரும்பிப் பார்த்தது. ஷ்டிர்லிட்ஸின் செய்திகளை வானொலிக் கருவி வழியாக மாஸ்கோவுக்கு அனுப்பும் கேட் என்ற பெண்ணின் பெட்டியில் ஷ்டிர்லிட்ஸின் விரல் ரேகை கிடைத்திருக்கிறது. நாஜி இரகசியக் காவல்துறையான கெஸ்டபோவின் தலைவர் முல்லர் அவரை நிலவறையில் அடைத்து, அது எப்படி வந்தது என்று நினைவுபடுத்திச் சொல்லச் சொல்கிறார். உண்மையைச் சொன்னால் மரணம். பொய் சற்றுப் பிசகினாலும் மரணம். மேசைமீது தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே அவர் யோசிக்கிறார். குண்டுவீச்சு நடந்த தெருவில் யாரோ ஒரு பெண்ணுக்குப் பெட்டி தூக்க உதவியதாகச் சொல்லலாம் என்ற விடை அவருக்குக் கிடைக்கும் கணத்தை இசையோ கேமரா அசைவோ அறிவிப்பதில்லை. குச்சியை வைக்கும் கையின் நிதானம் மாறுகிறது, அவ்வளவே. அந்த மாற்றத்தை முதல் முறை நான் தவறவிட்டேன். இரண்டாம் முறை கண்டபோது, இந்த நடிகருக்காக நேரம் செலவழித்தது தகும் என்று உறுதியாகத் தோன்றியது.

முல்லராக நடித்த லியோனித் ப்ரொனெவோயைப் பற்றியும் சொல்லாமல் போவது நியாயமாகாது. திகோனவ் எவ்வளவு அடங்கியிருக்கிறாரோ அவ்வளவுக்கு இவர் கழுத்தைச் சொடுக்கி, புன்னகைத்து, சலித்துக்கொண்டு, ஒரு கொலைகாரரை வீட்டுப் பெரியவர்போல ஆக்கிவிடுகிறார். உளவுத்துறைத் தலைவர் ஷெல்லன்பெர்காக ஒலெக் தபகோவ், பாதிரியார் ஷ்லாகாக ரஸ்திஸ்லாவ் பிளியாத், பேராசிரியர் பிளைஷ்னராக யெவ்கெனி யெவ்ஸ்திக்னேயெவ் என்று ஒரு தலைமுறையின் தலைசிறந்த நடிகர்கள் எல்லாம் இதில் இருக்கிறார்கள். ஷ்டிர்லிட்ஸ் செய்தியோடு அனுப்பிவைத்த பிளைஷ்னர் ஸ்விட்சர்லாந்தின் தெருவில் விடுதலையின் மயக்கத்தில் நடந்துபோய், சன்னலில் வைக்கப்பட்ட ஆபத்துக் குறியான பூவைக் கவனிக்காமல் மாடியேறும் காட்சி (எடுக்கப்பட்டது ரீகா நகரின் ஒரு பழைய தெருவில்) என்னை இன்னும் விட்டு நீங்கவில்லை. சாம்பல் நிறத்தில் அந்தப் பூ மற்றப் பொருள்களோடு கலந்திருக்கிறது. அவரைப்போலவே நாமும் அதைத் தவறவிடக்கூடும். பூவுக்கு நிறம் வந்ததும் கண் நேரே அங்கேதான் போகிறது.

மூலத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இடையில் வரும் சில பகுதிகளில், ஏற்கெனவே நாம் அறிந்த செய்தியை மீண்டும் ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லும் காட்சிகள் அலுப்பூட்டுகின்றன. நாஜித் தலைவர்களைப் பண்பும் நகைச்சுவையும் உள்ள அறிவாளிகளாகக் காட்டியிருப்பது, அவர்கள் செய்த கொடுமைகளின் முழு எடையையும் பார்வையாளர் உணர்வதற்குத் தடையாகிறது என்ற விமரிசனத்திலும் நியாயம் உண்டு. லியோஸ்னவா இதை உணர்ந்தே போர்க்கால ஆவணப் படத்துண்டுகளை நீளமாக இடையிடையே வைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒளிப்பதிவாளர் பியோத்தர் கத்தாயேவ் எடுத்த காட்சிகளும் அந்த ஆவணத் துண்டுகளும் ஒரே சாம்பல் உலகில் தையல் தெரியாமல் சேர்ந்திருப்பது மூலத்தின் பெரிய பலம். நடித்த பகுதிகளுக்கு வண்ணம் வந்தவுடன் அந்தப் பிணைப்பு தளர்ந்துவிடுகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு நடைமுறை எச்சரிக்கை. நான் முதலில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய டிவிடித் தொகுப்பில் ஆங்கில சப்டைட்டில் இருந்தது. ஆனால் பாத்திரங்கள் பேசும்போது மட்டுமே வந்தது. யெஃபிம் கொப்பெல்யானின் பின்னணிக் குரலுக்கு ஒரு வரிகூட இல்லை. இந்தத் தொடரில் அந்தக் குரல் ஓர் அலங்காரமன்று. நாஜிக் கட்சி உறுப்பினர்களின் குணக்குறிப்புகளைக் கோப்பிலிருந்து படிப்பதும், தேதியையும் மணியையும் அறிவிப்பதும், ஷ்டிர்லிட்ஸின் எண்ணங்களைச் சொல்வதும் அதுவே. ரஷ்யர்களிடையே ஷ்டிர்லிட்ஸைப் பற்றி எண்ணற்ற துணுக்குகள் வழங்குவதும், அவற்றில் பெரும்பாலானவை அந்தக் குரலின் தோரணையிலேயே சொல்லப்படுவதும் அதன் செல்வாக்குக்குச் சான்று. ஆகவே எந்தப் பிரதியானாலும் முதல் பத்து நிமிடங்களைப் பார்த்து, பின்னணிக் குரலுக்கும் இயோசிஃப் கப்சோன் பாடும் பாடல்களுக்கும் சப்டைட்டில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே பணம் கொடுங்கள். வண்ண வடிவமா, மூலமா என்பதை உறையின் படத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாமல், பகுதிகளின் ஓடும் நேரத்தையும் பார்த்து அறியலாம்: ஒவ்வொரு பகுதியும் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அது மூலம்.

தமிழ் சப்டைட்டில் உள்ள பிரதி எதையும் நான் காணவில்லை. சோவியத் நூல்களை மொழிபெயர்ப்பில் படித்து வளர்ந்த வாசகர் கூட்டம் தமிழில் பெரிது; அவர்களுக்கு இந்தக் குறை உறுத்தும். பேச்சு மெதுவாகவும் வாக்கியங்கள் குறுகியும் இருப்பதால், ஓரளவு ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கூடச் சிரமமின்றிப் பின்தொடரலாம் என்பது ஆறுதல்.

இந்தத் தொடருக்குப் பிறகு திகோனவ் அந்த வேடத்தின் கைதியாகிவிட்டார் என்று சிலர் கருதுகிறார்கள். 1974இல் சோவியத் ஒன்றியத்தின் மக்கள் கலைஞர், 1982இல் சோஷலிச உழைப்பு வீரர் என்று விருதுகள் வந்தன. தெருவில் அவரைக் கண்டவர்கள் ஷ்டிர்லிட்ஸைத்தான் கண்டார்கள். ஆனால் 1977இல் வெளிவந்த ‘வெள்ளை பிம், கறுப்புக் காது’ என்ற ரஸ்தோத்ஸ்கியின் படத்தைப் பார்த்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். ஒரு நாயையும் அதை வளர்க்கும் நோயாளியான தனிமனிதரையும் பற்றிய அந்தப் படம், கார்லோவி வாரி விழாவின் முதல் பரிசைப் பெற்றது, ஆஸ்கருக்கும் முன்மொழியப்பட்டது. அதில் திகோனவிடம் உளவாளியின் எச்சரிக்கை சிறிதும் இல்லை. மறைக்க ஒன்றுமில்லாத முகம் எப்படி இருக்கும் என்று அவர் காட்டுகிறார். அதனால் தொடரை முடித்தவர்கள் அடுத்ததாக இதையே பார்க்க வேண்டும் என்பது என் பரிந்துரை. 1994இல் நிகீதா மிகல்கோவ் எடுத்த ‘வெயிலில் வெந்தவர்கள்’ படத்தில் அவருக்குக் கிடைத்தது சிறிய முதியவர் வேடம்தான். அந்தப் படத்தையும் ஆஸ்கர் தேடி வந்தது. கடைசி ஆண்டுகளில் அவர் பொதுவெளியை விட்டு விலகி அமைதியாக வாழ்ந்தார். 2009 டிசம்பர் 4 அன்று, வண்ண வடிவம் ஒளிபரப்பாகி ஏழே மாதங்களில், மாஸ்கோவில் காலமானார். நோவதேவிச்சி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

தொடரின் கடைசிக் காட்சியை மட்டும் இரண்டு வடிவங்களிலும் பார்த்துவிட்டுத் தீர்மானிக்க விரும்புவோர் அவ்வாறே செய்யலாம். பணி முடிந்தும், போர் முடிய இன்னும் சில வாரங்கள் இருப்பதால், ஷ்டிர்லிட்ஸ் மீண்டும் பெர்லினுக்கே காரோட்டிச் செல்கிறார். வழியில் வண்டியை நிறுத்துகிறார். இறங்கி நடந்து, மரங்களுக்கு அருகே ஈர மண்ணில் அமர்கிறார். வண்ண வடிவத்தில் அங்கே புல் பச்சையாக இருக்கிறது, வசந்தம் வந்துவிட்டது என்று தெரிகிறது. மூலத்தில் புல்லும் வானமும் அவருடைய மேலங்கியும் ஒரே சாம்பலாக இருக்கின்றன. வசந்தம் வந்துவிட்டது என்பதை அவர் மண்ணைத் தொடும் விதத்திலிருந்துதான் அறிய முடிகிறது.